இயக்கியிலிருந்து நிரலாளருக்கு: வரைகலை இடைமுக மாற்றமும் கணினி விளையாட்டுகளின் செயல்திறனும் (2013–2022)

ஆய்வுச்சுருக்கம்

2013 முதல் 2016 வரையான காலத்தில் மேன்டில், டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் ஆகிய வரைகலை நிரலாக்க இடைமுகங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. கணினி விளையாட்டுகளை வேகப்படுத்துவோம் என்ற வாக்குறுதியுடனேயே இவை அறிமுகமாயின. அந்த வேகம் எங்கிருந்து வந்தது, எங்கே வரவில்லை, அதற்கான உழைப்பை யார் ஏற்றனர் என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இயக்கி மென்பொருள் செய்துவந்த பணிகளைப் புதிய இடைமுகங்கள் விளையாட்டு நிரலாளரிடம் இடம்பெயர்த்தன என்பதும், செயல்திறன் எண்களின் ஏற்ற இறக்கத்தை அந்த இடப்பெயர்ச்சியைக் கொண்டே விளக்க இயலும் என்பதும் கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: வரைகலை நிரலாக்க இடைமுகம், இயக்கி மென்பொருள், மேன்டில், டைரக்ட்எக்ஸ் 12, வல்கன், சட்டக நேரம், கணினி விளையாட்டு வரலாறு.

முன்னுரை

கணினி விளையாட்டு ஒன்றின் செயல்திறன் பெரும்பாலும் ஒரே எண்ணால் குறிக்கப்படுகிறது. திரையில் நொடிக்கு எத்தனை சட்டகங்கள் தோன்றுகின்றன என்பதே அவ்வெண். நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமெனில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அச்சிறு இடைவெளிக்குள் மையச் செயலி விளையாட்டின் உலகைக் கணக்கிட்டு, எவற்றை வரைய வேண்டும் என்ற கட்டளைகளை ஆயத்தம் செய்கிறது. வரைகலைச் செயலி அவற்றைப் படமாக்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே இரண்டு அடுக்குகள் உள்ளன. நிரலாளர் எத்தகைய சொற்களால் கட்டளையிடலாம் என வரையறுப்பது நிரலாக்க இடைமுகம். அக்கட்டளைகளைக் குறிப்பிட்ட வரைகலை அட்டை புரிந்துகொள்ளும் மொழிக்கு மாற்றித் தருவது, அட்டை நிறுவனம் எழுதி வழங்கும் இயக்கி மென்பொருள்.

புதிய இடைமுகங்கள் குறித்து 2014இல் எழுதப்பட்டவற்றில் எதிர்பார்ப்பே மேலோங்கியிருந்தது. இரண்டே ஆண்டுகளில் நிலை சிக்கலானது. சில விளையாட்டுகளில் புதிய இடைமுகத்துக்கு மாறியதும் வேகம் பெருகியது. சிலவற்றில் மாற்றமே தென்படவில்லை. வேறு சிலவற்றில் வேகம் குறைந்தது. இதற்கு அப்போது இரு விளக்கங்கள் பரவலாகக் கூறப்பட்டன. ஒன்று, விளையாட்டு நிறுவனங்கள் போதிய உழைப்பைச் செலுத்தவில்லை என்பது. மற்றொன்று, இடைமுகம் குறிப்பிட்ட ஓர் அட்டை நிறுவனத்துக்குச் சாதகமாக அமைந்துவிட்டது என்பது. இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. ஆயினும் இரண்டுமே, இடைமுகம் மாறியபோது இயக்கிக்குள் நடந்துவந்த வேலை எங்கே சென்றது என்ற கேள்வியைக் கேட்கவில்லை. விண்டோஸ் கணினிகளில் விளையாடப்படும் விளையாட்டுகளையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2014இல் அறிமுகப்படுத்திய மெட்டல் இடைமுகமும் கைபேசி விளையாட்டுகளும் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

1. இயக்கி செய்த வேலை

காலனியக் காலச் சென்னையிலும் புதுச்சேரியிலும் துபாஷிகள் மொழிபெயர்ப்பாளர்களாக மட்டும் இருக்கவில்லை. வணிகரின் கூற்றைச் சரிபார்த்தனர், பொருளுக்குப் பொறுப்பேற்றனர், எதை எப்போது சொல்வது என்றும் முடிவெடுத்தனர். டைரக்ட்எக்ஸ் 11, ஓப்பன்ஜிஎல் ஆகிய இடைமுகங்களின் கீழ் இயங்கிய இயக்கியின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே.

ஒரு பொருளை வரையுமாறு விளையாட்டு இடும் ஒவ்வொரு கட்டளையும் வரைவு அழைப்பு எனப்படும். அழைப்பு வந்ததும் இயக்கி பல வேலைகளைச் செய்தது. கட்டளை முறையானதா எனச் சரிபார்த்தது. தேவையான படங்களும் வடிவத் தரவுகளும் அட்டையின் நினைவகத்தில் உள்ளனவா எனப் பார்த்து, இல்லையெனில் கொண்டுவந்தது. வரைகலைச் செயலி இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு படத்தை அடுத்த கட்டளை படிக்க முற்பட்டால் அதைக் காத்திருக்கச் செய்தது. ஷேடர் எனப்படும் நிழலாக்க நிரல்களை அட்டைக்குரிய இயந்திர மொழிக்குத் தொகுத்தது. இவை அனைத்தும் நிரலாளரின் கண்ணுக்குப் புலப்படாமல் நடந்தன. நிரலாளர் தவறு செய்தாலும் படம் பெரும்பாலும் சரியாகவே வந்தது.

இந்த வசதிக்கு மையச் செயலி விலை கொடுத்தது. ஒரே சட்டகத்தில் ஆயிரக்கணக்கான அழைப்புகள் இடப்படும்போது, ஒவ்வொன்றுக்கும் ஆகும் சிறு செலவு சேர்ந்து பெருகியது. அதைவிடக் கடுமையான தடை, இவ்வேலையின் பெரும்பகுதி மையச் செயலியின் ஒரே கருவில் நடந்தது என்பதாகும். 2005க்குப் பின் வீட்டுக் கணினிகளில் இரண்டு, நான்கு, எட்டு எனக் கருக்கள் கூடிக்கொண்டே சென்றன. கட்டளைகளைப் பல இழைகளில் ஆயத்தம் செய்ய 2009இல் வந்த டைரக்ட்எக்ஸ் 11 ஒரு வழியை வகுத்திருந்தபோதும், அதன் பயன் இயக்கியின் ஒத்துழைப்பைச் சார்ந்திருந்ததால் நடைமுறையில் குறைவாகவே இருந்தது. இதனால் எட்டுக் கருக்கள் கொண்ட கணினியில் ஒரு கரு திணற, மற்றவை ஓய்ந்திருக்கும் நிலை உருவானது.

இயக்கியின் இன்னொரு பணி ஆவணங்களில் அதிகம் பதிவாகவில்லை. பெரிய விளையாட்டு ஒன்று வெளிவரும்போதெல்லாம் என்விடியாவும் ஏஎம்டியும் அதற்கெனவே சீரமைத்த இயக்கிப் பதிப்புகளை வெளியிட்டன. விளையாட்டின் குறைபாடுகளை இயக்கிக்குள் திருத்துவதும், அதன் ஷேடர்களுக்குப் பதிலாகத் திறன்மிக்கவற்றை இடுவதும் இப்பதிப்புகளில் வழக்கமாயிருந்தது. ஆக, டைரக்ட்எக்ஸ் 11இன் கீழ் ஒரு விளையாட்டின் வேகம் என்று அளக்கப்பட்டது விளையாட்டு நிறுவனத்தின் உழைப்பும் அட்டை நிறுவனத்தின் உழைப்பும் சேர்ந்த ஒன்று. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இக்கூட்டுழைப்பை நினைவில் கொள்வது இன்றியமையாதது.

2. 1996இல் ஒரு முன்னோடி

பணியை நிரலாளரிடம் ஒப்படைக்கும் எண்ணம் 2013இல் தோன்றியதன்று. 1995இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இங்கிலாந்தின் ரெண்டர்மார்பிக்ஸ் நிறுவனத்தை வாங்கி, அதன் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு 1996இல் டைரக்ட்3டி இடைமுகத்தை வெளியிட்டது. அதன் தொடக்கப் பதிப்புகளில், நிரலாளர் கட்டளைகளையும் முனைப்புள்ளிகளையும் நினைவகத்தில் ஒரு பொதியாகத் தாமே அடுக்கி மொத்தமாக ஒப்படைக்க வேண்டும். நிரலாளர்கள் இதை வெறுத்தனர். ஐடி சாப்ட்வேர் நிறுவனத்தின் ஜான் கார்மாக் 1996 டிசம்பரில் வெளியிட்ட புகழ்பெற்ற குறிப்பில் இம்முறையைக் கடுமையாகக் குறைகூறி, 1992 முதல் வழக்கில் இருந்த ஓப்பன்ஜிஎல் எழுதுவதற்கு எளிது என வாதிட்டார். 1997இல் வந்த டைரக்ட்எக்ஸ் 5 நேரடியாக வரைவு அழைப்பு இடும் வழியைச் சேர்த்தது, பொதிமுறை வழக்கொழிந்தது.

அதே காலத்தில் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் வூடூ அட்டைகளுக்கென கிளைட் என்ற தனி இடைமுகத்தை வைத்திருந்தது. அட்டையின் அமைப்பை ஒட்டியே எழுதப்பட்டதால் அது வேகமாக இயங்கியது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியா வாங்குவதாக அறிவித்ததோடு கிளைட்டை மட்டுமே நம்பியிருந்த விளையாட்டுகள் ஆதரவற்றுப் போயின. ஓர் அட்டைக்கு நெருக்கமாக எழுதுவதால் வரும் வேகமும், அந்த அட்டை மறைந்தபின் நிற்கும் சிக்கலும் அன்றே கண்கூடாயின. ஆயினும் 2013இன் விவாதங்களில் கிளைட் மேன்டிலுக்குப் பெருமைமிகு முன்னோடியாகவே பெரிதும் நினைவுகூரப்பட்டது. அதன் முடிவு குறைவாகவே நினைவுகூரப்பட்டது.

3. மேன்டில்: எண்களும் அவற்றின் சூழலும்

ஏஎம்டி நிறுவனம் 2013 செப்டம்பரில் மேன்டிலை அறிவித்தது. ஸ்வீடனைச் சேர்ந்த டைஸ் நிறுவனத்தின் யோஹான் ஆண்டர்சன் இத்தகைய இடைமுகம் வேண்டுமென அட்டை நிறுவனங்களிடம் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்தவர். அவருடைய குழு உருவாக்கிய ஃப்ராஸ்ட்பைட் எஞ்சினே மேன்டிலின் முதல் களமாயிற்று.

காலத் தேர்வு தற்செயலானதன்று. 2013 நவம்பரில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரு விளையாட்டுப் பெட்டிகளும் ஏஎம்டியின் வரைகலைச் செயலியையும் ஆற்றல் குறைந்த எட்டுக் கருக்களையும் கொண்டிருந்தன. பெட்டிகளுக்கு எழுதும் நிரலாளர்கள் செயலியின் அடித்தளம் வரை கட்டளையிடப் பழகியவர்கள். அவர்களுடைய முறையைக் கணினிக்கும் கொண்டுவந்தால், பெட்டிக்கென எழுதிய நிரலின் பயன் ஏஎம்டி அட்டைகளுக்கும் கிட்டும். அத்துடன், ஏஎம்டியின் எஃப்எக்ஸ் வரிசை மையச் செயலிகள் ஒற்றைக் கருவின் வேகத்தில் இன்டெலுக்குப் பின்தங்கியிருந்தன. இயக்கியின் சுமை குறைந்தால் அப்பின்னடைவும் மறையும். மேன்டிலை முன்வைத்ததில் ஏஎம்டிக்கு இவ்வாறு இரட்டை நலன் இருந்தது.

2014 ஜனவரி 30 அன்று பேட்டில்ஃபீல்ட் 4 விளையாட்டுக்கான மேன்டில் பதிப்பு வெளியானது. அதனோடு டைஸ் நிறுவனம் மூன்று அளவீடுகளை வெளியிட்டது. ஏஎம்டி ஏ10-7850கே செயலியில், அதனுள் அமைந்த வரைகலைப் பகுதியைக் கொண்டே விளையாடியபோது ஒரு சட்டகத்துக்கான நேரம் 26.6 மில்லிநொடியிலிருந்து 23.3 ஆகக் குறைந்தது; இது 14 விழுக்காட்டு முன்னேற்றம். எஃப்எக்ஸ்-8350 செயலியும் ரேடியான் 7970 அட்டையும் கொண்ட கணினியில் 18.87 மில்லிநொடி 15.08 ஆயிற்று; முன்னேற்றம் 25 விழுக்காடு. இன்டெல் ஐ7-3970எக்ஸ் செயலியுடன் ஆர்9 290எக்ஸ் அட்டைகள் இரண்டைப் பூட்டிய கணினியில் 13.24 மில்லிநொடி 8.38 ஆனது, முன்னேற்றம் 58 விழுக்காடு.

இம்மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலனாகிறது. முதல் கணினியில் வரைகலைப் பகுதியே வலுவற்றது. மையச் செயலி எவ்வளவு விரைந்து கட்டளையிட்டாலும் படமாக்குவது மெதுவாகவே நடக்கும். அங்கே பயன் மிகக் குறைவு. இரண்டாவதில் மையச் செயலி தளர்ந்தது, அட்டை ஓரளவு வலியது. மூன்றாவதில் மையச் செயலி வலியதுதான். ஆனால் இரண்டு அட்டைகள் சேர்ந்து அதையும் விஞ்சிவிட்டன. கட்டளையிடுபவருக்கும் வரைபவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு எவ்வளவோ, அவ்வளவே மேன்டிலின் பயன். வரைகலைச் செயலி ஏற்கெனவே முழுத்திறனில் உழைத்துக்கொண்டிருந்த கணினிகளில், அதாவது இடைநிலை அட்டை வைத்திருந்த பெரும்பாலான வீடுகளில், வேறுபாடு சிறிதளவே இருந்திருக்க வேண்டும். விளம்பரங்களில் உயர்ந்த எண்ணே முன்னிறுத்தப்பட்டது. டைஸ் மூன்று எண்களையும் சூழலோடு வெளியிட்டது அதன் நேர்மைக்குச் சான்று. எனினும் அவை இடைமுகத்தை உருவாக்குவதில் பங்கேற்றவர்களின் அளவீடுகள் என்பதையும் ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டும்.

என்விடியாவின் எதிர்வினை இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒன்று. 2014 ஏப்ரலில் அது வெளியிட்ட 337.50 எண்ணுள்ள இயக்கி, டைரக்ட்எக்ஸ் 11இன் கீழேயே மையச் செயலியின் சுமையைக் குறைத்தது. பழைய இடைமுகத்தின் எல்லை என்று கருதப்பட்டதில் ஒரு பகுதி உண்மையில் இயக்கிகளின் எல்லையே என்பதை இது காட்டியது. போட்டியின் நெருக்குதல் இல்லாதிருந்தால் அவ்வுழைப்பு அப்போது செலவிடப்பட்டிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

மேன்டிலின் மறுபக்கத்தை அறிய அதிக காலம் காத்திருக்க நேரவில்லை. 2014 செப்டம்பரில் ஏஎம்டி, ஆர்9 285 என்ற அட்டையை வெளியிட்டது. அதன் செயலி முந்தைய தலைமுறையிலிருந்து சற்றே மாறுபட்டது. பேட்டில்ஃபீல்ட் 4இன் மேன்டில் பாதை முந்தைய அட்டைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டிருந்ததால், புதிய அட்டையில் அது டைரக்ட்எக்ஸ் 11ஐ விட மெதுவாக இயங்கியது. 2015 ஜூனில் வந்த ஃப்யூரி எக்ஸ் அட்டையிலும் இதே நிலை தொடர்ந்தது. டைரக்ட்எக்ஸ் 11 பாதையிலோ, விளையாட்டின் ஒரு வரியும் மாறாமலேயே, புதிய அட்டைக்கு ஏற்ப இயக்கி தன்னை மாற்றிக்கொண்டது. நினைவகத்தை எப்படிப் பங்கிடுவது என்ற முடிவு விளையாட்டுக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டால், அதைத் திருத்த விளையாட்டு நிறுவனமே மீண்டும் முன்வர வேண்டும். விற்று முடித்த விளையாட்டுக்கு அவ்வாறு முன்வருவோர் அரிது.

4. ஒப்பீட்டின் அடித்தளம்

மைக்ரோசாப்ட் 2014 மார்ச்சில் டைரக்ட்எக்ஸ் 12ஐ அறிவித்து, 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 உடன் வெளியிட்டது. ஏஎம்டி மேன்டிலைக் குரோனோஸ் கூட்டமைப்புக்கு வழங்க, அதை அடித்தளமாகக் கொண்டு உருவான வல்கனின் முதற்பதிப்பு 2016 பிப்ரவரி 16 அன்று வெளிவந்தது. இதற்கிடையே 2015 மார்ச்சில், புதிதாகத் தொடங்குவோர் மேன்டிலை விடுத்து இவ்விரண்டையும் நாடுமாறு ஏஎம்டியே அறிவுறுத்திவிட்டது.

அதே மாதத்தில் ஃப்யூச்சர்மார்க் நிறுவனம் தன் 3டிமார்க் தொகுப்பில் வரைவு அழைப்புகளை மட்டும் எண்ணும் ஒரு சோதனையைச் சேர்த்தது. வலுவான கணினிகளில் டைரக்ட்எக்ஸ் 11 நொடிக்கு ஒன்றிரண்டு மில்லியன் அழைப்புகளை எட்ட, டைரக்ட்எக்ஸ் 12 அதைப்போல் பல மடங்கை எட்டியது. பத்து மடங்கு என்ற சொல் இங்கிருந்தே பரவியது. இச்சோதனையைக் கொண்டு வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகளை ஒப்பிடக்கூடாது என்று ஃப்யூச்சர்மார்க் தெளிவாகவே கூறியிருந்தது. உண்மையான விளையாட்டு எதுவும் நொடிக்குப் பத்து மில்லியன் அழைப்புகளை இடுவதில்லை. டைரக்ட்எக்ஸ் 11 தாங்கக்கூடிய அளவுக்குள் அடங்குமாறே பல ஆண்டுகளாக விளையாட்டுகள் வடிவமைக்கப்பட்டிருந்தன.

விதிவிலக்காக, ஆயிரக்கணக்கான தனி அலகுகள் மோதும் ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி என்ற உத்தி விளையாட்டு, புதிய இடைமுகத்தை எண்ணியே உருவாக்கப்பட்டது. 2015 ஆகஸ்டில் அதன் சோதனைப் பதிப்பு வெளிவந்தபோது ஏஎம்டி அட்டைகள் டைரக்ட்எக்ஸ் 12இன் கீழ்ப் பெரும் பாய்ச்சலைக் காட்டின. என்விடியா அட்டைகள் சிறிதே முன்னேறின அல்லது பின்தங்கின. இதையொட்டி எழுந்த பூசலில், வரைதலையும் கணிப்பையும் ஒரே வேளையில் நடத்தும் திறன் எந்தச் செயலிக்கு உண்டு என்ற கேள்வியே பெரிதாகப் பேசப்பட்டது. அக்கேள்வி பொருந்துவதே. ஆனால் அடிப்படையான காரணம் வேறொன்று: ஏஎம்டியின் டைரக்ட்எக்ஸ் 11 இயக்கி மையச் செயலியின் மீது ஏற்றிய சுமை என்விடியாவின் இயக்கி ஏற்றியதைவிட அதிகம். தொடக்கப்புள்ளி தாழ்ந்திருந்தால் ஏற்றம் பெரிதாகத் தெரிவது இயல்பு. 2016 ஜூலையில் டூம் விளையாட்டுக்கு வல்கன் பாதை வந்தபோது ஏஎம்டி அட்டைகள் கண்ட பெரும் உயர்விலும், அந்நிறுவனத்தின் ஓப்பன்ஜிஎல் இயக்கி தளர்ந்திருந்ததற்குப் பங்குண்டு. ஆகவே, 'டைரக்ட்எக்ஸ் 12 தந்த விழுக்காடு' என அக்கால மதிப்புரைகள் பதிந்த எண், புதிய இடைமுகத்தின் தரத்தோடு பழைய இயக்கியின் தரத்தையும் சேர்த்தே அளந்தது.

ரைஸ் ஆஃப் தி டூம் ரைடர் விளையாட்டின் பதிவுகள் இதற்கு வலுச் சேர்க்கின்றன. 2016 மார்ச்சில் டைரக்ட்எக்ஸ் 12 பாதையைச் சேர்த்தபோது, இன்டெல் ஐ7-2600 செயலியும் ஜிடிஎக்ஸ் 970 அட்டையும் கொண்ட கணினியில் குறிப்பிட்ட ஒரு காட்சி நொடிக்கு 46 சட்டகங்களிலிருந்து 60 ஆக உயர்ந்ததென அதை உருவாக்கியவர்கள் எடுத்துக்காட்டினர். அச்செயலி 2011ஆம் ஆண்டினது. புத்தம்புதிய செயலிகளைக் கொண்டு சோதித்த மதிப்புரையாளர்களோ பல இடங்களில் டைரக்ட்எக்ஸ் 12 மெதுவாக இருப்பதைக் கண்டனர். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. மதிப்புரையாளர்கள், அட்டைகளை ஒப்பிடும் நோக்கில், மையச் செயலி தடையாகாதபடி மிக வலிய கணினியையே எப்போதும் பயன்படுத்துவர். புதிய இடைமுகம் உதவக்கூடிய சூழலைத் தம் முறையியலாலேயே அவர்கள் நீக்கிவிட்டிருந்தனர். பழைய செயலியை வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் மாற்றும் எளிய வாடிக்கையாளருக்குக் கிடைத்த பயன், இதனால் அக்கால இதழ்களின் அட்டவணைகளில் குறைவாகவே பதிவாகியுள்ளது.

எதிர்த்திசையில் குவாண்டம் பிரேக் ஒரு சான்று. 2016 ஏப்ரலில் டைரக்ட்எக்ஸ் 12இல் மட்டும் வெளிவந்த அவ்விளையாட்டு, செப்டம்பரில் ஸ்டீம் தளத்துக்கு டைரக்ட்எக்ஸ் 11 வடிவில் வந்தது. என்விடியா அட்டைகளில் பழைய இடைமுகத்துக்குத் திரும்பிய வடிவமே சீராக ஓடியது. பல்லாண்டுகளாகச் செப்பனிட்ட இயக்கியின் வேலையை ஒரு விளையாட்டுக் குழு சில மாதங்களில் ஈடுசெய்ய இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அக்காலத்தில் இல்லை.

5. சராசரியும் திணறலும்

இதுவரை கண்ட எண்கள் பெரும்பாலும் சராசரிகள். 2011 செப்டம்பரில் தி டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன், நொடிக்கான சட்டக எண்ணிக்கை ஒரு நொடிக்குள் நிகழ்பவற்றை மறைக்கிறது என்று வாதிட்டு, ஒவ்வொரு சட்டகத்தின் நேரத்தையும் தனித்தனியே அளக்கும் முறையை முன்வைத்திருந்தார். 59 சட்டகங்கள் விரைந்து வந்து ஒன்று மட்டும் கால் நொடி தாமதித்தால், சராசரி பெரிதாகக் குறையாது. விளையாடுபவர் கையில் அத்தாமதம் உறைக்கும். இம்முறையின் முழுப் பயனும் புதிய இடைமுகங்களின் காலத்தில்தான் வெளிப்பட்டது.

டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் ஆகியவற்றில், ஒரு பொருளை வரையத் தேவைப்படும் ஷேடர்கள், ஒளிபுகும் தன்மை, படத்தின் வகை முதலிய எல்லா நிலைகளையும் ஒரே தொகுப்பாக முன்கூட்டியே ஆக்கித் தர வேண்டும். தொகுப்பு உருவாகும்போதே அது இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டுவிடும் என்பதால், வரையும் வேளையில் செலவு மிகக் குறைவு. விளையாட்டு தனக்கு எந்தெந்தத் தொகுப்புகள் தேவைப்படும் என்பதை முன்பே அறிந்திருக்கும் என்பதே இவ்வடிவமைப்பின் எடுகோள். 2013இல் ஃப்ராஸ்ட்பைட் போன்ற எஞ்சினைச் சொந்தமாக வைத்திருந்த குழுக்களுக்கு அது பொருந்தியது.

அன்ரியல் போன்ற பொது எஞ்சின்களைக் கொண்டு எழுதுவோரின் நிலை வேறு. அங்கே ஓவியர்கள் கருவிப்பலகையில் ஷேடர்களைத் தாமே இணைத்து ஆயிரக்கணக்கில் உருவாக்குகின்றனர். அவற்றோடு நிலைகள் சேரும்போது தொகுப்புகளின் எண்ணிக்கை பெருகுகிறது. எவை உண்மையில் பயன்படும் என்பது விளையாடும்போதே தெரியவருகிறது. முதன்முறையாக ஒரு வெடிப்பு திரையில் தோன்றும் கணத்தில் அதற்கான தொகுப்பு இயற்றப்பட வேண்டியிருந்தால், ஆட்டம் ஒரு நொடியின் பெரும்பகுதி உறைந்து நிற்கும். விளையாட்டுப் பெட்டிகளில் இச்சிக்கல் எழுவதில்லை. எல்லாப் பெட்டிகளிலும் ஒரே செயலி என்பதால் தொகுத்த நிரலையே வட்டில் வைத்து விற்கலாம். கணினியிலோ அட்டைக்கு அட்டை, இயக்கிப் பதிப்புக்குப் பதிப்பு, இயந்திர மொழி வேறுபடுகிறது. டைரக்ட்எக்ஸ் 11இன் கீழும் இத்திணறல் இருந்ததுண்டு. ஆயினும் ஷேடர்களைப் பின்னணி இழைகளில் முன்கூட்டியே தொகுக்கவும், நிலை மாற்றங்களைச் சிறு திருத்தங்களால் சமாளிக்கவும் இயக்கிக்கு அப்போது இடமிருந்தது.

2022 டிசம்பரில் வெளிவந்த தி கலிஸ்டோ ப்ரோட்டோகால் கணினியில் இத்திணறலால் கடும் கண்டனத்துக்கு உள்ளாகி, விரைவிலேயே திருத்தம் வெளியிட நேர்ந்தது. அதன் சராசரி வேகத்தை மட்டும் கண்டவர் குறையே இல்லை என்று எண்ணியிருக்கக்கூடும். அக்காலகட்டத்தில் பல விளையாட்டுகள் முதன்முறை திறக்கும்போது ஷேடர்களைத் தொகுக்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கின. முன்பு அட்டை நிறுவனத்தின் பொறியாளர்கள் தம் உழைப்பால் மறைத்த செலவை, இப்போது வாங்கியவர் தம் நேரத்தால் செலுத்துகிறார் எனலாம்.

6. திரும்பி வந்த இடையாள்

இயக்கிக்குள் எவ்வளவு உழைப்பு படிந்திருந்தது என்பதை 2022 அக்டோபரில் இன்டெல் தற்செயலாக அளந்துகாட்டியது. அவ்வாண்டு வெளிவந்த அதன் ஆர்க் ஏ770, ஏ750 அட்டைகள் டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் விளையாட்டுகளில் போட்டியாளர்களுக்கு நிகராக நின்றன. டைரக்ட்எக்ஸ் 9, 11 விளையாட்டுகளில், அவை பழையவையாகவும் எளியவையாகவும் இருந்தும், வெகுவாகப் பின்தங்கின. செயலி ஒன்றே. வேறுபட்டது, மற்ற இரு நிறுவனங்களும் இருபதாண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த இயக்கி அறிவு இன்டெலிடம் இல்லாமை. இயக்கியின் பங்கைக் குறைத்த இடைமுகம் புதிதாகச் சந்தைக்கு வருபவருக்கு வாயிலைத் திறந்துவிட்டது என்பது இதன் மறுபக்கம். 2013இல் மேன்டிலுக்காக வாதிட்டவர்களும் இதை முன்னிறுத்தியதில்லை.

இன்டெல் கண்ட தீர்வும் சிந்தனைக்குரியது. டைரக்ட்எக்ஸ் 9 கட்டளைகளை டைரக்ட்எக்ஸ் 12 ஆக மாற்றும் மைக்ரோசாப்டின் அடுக்கை அது முதலில் பயன்படுத்தியது. 2022 டிசம்பர் இயக்கியிலோ, பல விளையாட்டுகளுக்கு அவற்றை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற திறமூல மென்பொருளின் துணையை நாடியது. கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டுகளில் வேகம் பெரிதும் உயர்ந்தது. டிஎக்ஸ்விகே லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுவதற்கென எழுதப்பட்டது. வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டானின் உயிர்நாடியும் அதுவே. இடைமுகம் மெலிந்ததால்தான் அதன் மீது இன்னொரு மொழிபெயர்ப்பு அடுக்கைக் குறைந்த இழப்புடன் கட்ட முடிந்தது.

2022 பிப்ரவரி இறுதியில் எல்டன் ரிங் விளையாட்டும் வால்வின் ஸ்டீம் டெக் கையடக்கக் கணினியும் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. எல்டன் ரிங் டைரக்ட்எக்ஸ் 12இல் எழுதப்பட்டது. விண்டோஸில் வலிய கணினிகளிலும் திணறியது. லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக்கிலோ, மொழிபெயர்ப்பு அடுக்கில் செய்த திருத்தத்தால், அத்திணறல் பெருமளவு தணிந்தது. விளையாட்டு சில இடங்களில் கட்டளைப் பட்டியல் முதலிய வளங்களை ஆயிரக்கணக்கில் புதிதாக உருவாக்கியதே பெரிய தடங்கல்களுக்குக் காரணம் என்றும், ஷேடர் தொகுப்பு அவற்றில் பெரும்பங்கு வகிக்கவில்லை என்றும், அவ்வளங்களை அடுக்கு தானே சேமித்து மறுபடி வழங்குமாறு செய்யப்பட்டதென்றும் வால்வின் பொறியாளர்கள் விளக்கினர். ஸ்டீம் டெக் அனைத்திலும் ஒரே செயலி என்பதால் தொகுத்த ஷேடர்களை முன்கூட்டியே அனுப்பிவைக்கவும் அவர்களால் முடிந்தது. விளையாட்டின் பிழையை, விளையாட்டைத் தொடாமல், நடுவே நிற்கும் ஒரு மென்பொருள் திருத்தியது. டைரக்ட்எக்ஸ் 11 காலத்து இயக்கி செய்துவந்த அதே வேலை இது. செய்தவர் மட்டும் வேறு.

இடைமுகங்களை வகுப்போரும் விட்டுக்கொடுக்கத் தொடங்கினர். நிலைத்தொகுப்பைத் துண்டுதுண்டாக ஆக்கி இறுதியில் விரைந்து இணைக்க வழிசெய்யும் நீட்சி 2022 மார்ச்சில் வல்கனில் சேர்க்கப்பட்டது. எல்லாவற்றையும் முன்பே சொல்ல வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டின் எடுகோள் அத்துடன் தளர்ந்தது.

மேன்டிலைப் பொறுத்தவரை, 2019 மே மாத இயக்கியோடு ஏஎம்டி அதற்கான ஆதரவை நிறுத்தியது. பேட்டில்ஃபீல்ட் 4 இன்றும் டைரக்ட்எக்ஸ் 11 பாதையில் புதிய அட்டைகளில் ஓடுகிறது. அதன் மேன்டில் பாதைக்குப் பதில் சொல்லும் இயக்கி புதிய பதிப்புகளில் இல்லை. மேன்டில் கட்டளைகளை வல்கனாக மொழிபெயர்க்கும் ஜிஆர்விகே என்ற தன்னார்வத் திறமூலத் திட்டம் ஒன்று அப்பாதையை மீண்டும் திறக்க முயன்றது.